விவாத இழை: செட்டில்–கார்லைல் பாதையில் நீராவி ரயில், வாலில் டீசல் – எங்கே நின்று எப்படிப் படம் எடுப்பது?

மிட்லண்ட்_மணி

வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையில் ஓடும் பிப்ரவரி மாதச் சுற்றுலா ரயில் ஒன்றைப் படம் எடுக்கத் திட்டம் போடுகிறேன். நீராவி எஞ்சின் முன்னால், 12 பெட்டி, வாலில் கிளாஸ் 47 டீசல். காலையில் ஹெலிஃபீல்டிலிருந்து வடக்கே கார்லைலுக்குப் போய், பிற்பகலில் அதே பாதையில் தெற்கே திரும்பும். கையில் 24–105, 70–200 என்று இரண்டு லென்ஸ்.

கேள்விகள்:
1) அந்த டீசல் எதற்கு? எஞ்சின் நல்ல நிலையில் இருந்தும் ஏன் அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள்?
2) அந்தப் பாதையிலுள்ள ரிப்பிள்ஹெட் பாலத்தில், டீசல் படத்தில் விழாமல் எடுக்க முடியுமா?
3) போகும்போது எங்கே நிற்பது, திரும்பும்போது எங்கே?

---

லீட்ஸ்_கதிர்

முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். டீசல் என்ன வேலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய முடியும்.

முதல் வேலை மின்சாரம். அந்தக் காலத்தில் பெட்டிகளைச் சூடாக்க எஞ்சினின் ஆவியே குழாய் வழியாகப் போகும். இப்போது ஓடும் பெட்டிகளில் பெரும்பாலும் மின்சூடு. நீராவி எஞ்சினால் அதைத் தர முடியாது. அதற்கென்று ஜெனரேட்டர் பெட்டி இல்லாத ரயிலில் டீசல்தான் கரண்ட் கொடுக்கும். பிப்ரவரியில் 400, 500 பேரைக் குளிரில் உட்கார வைக்க முடியாது. ஆக, தள்ளாவிட்டாலும் டீசல் உறுமிக்கொண்டேதான் வரும்.

இரண்டாவது காப்பு. ஏற்றத்தின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் பின்னால் வரும் சரக்கு, பயணி ரயில் எல்லாம் சிக்கிக்கொள்ளும். உதவி எஞ்சின் வெளியிலிருந்து வந்து சேர மணிக்கணக்காகும்.

மூன்றாவது வழுக்கல். ஈரத் தண்டவாளத்தில், முக்கியமாக இலை உதிர் காலத்தில், 1-க்கு 100 ஏற்றத்தில் (100 அடி போனால் 1 அடி உயரும்) சக்கரம் பிடிமானமில்லாமல் சுற்றினால் டீசல் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும். அதில் தனி ஓட்டுநர் இருப்பார். ரெண்டு எஞ்சினையும் ஒரே கைப்பிடியில் ஓட்டும் வசதி கிடையாது.

நான்காவது தீ. கோடை வறட்சியில் கரித்துகள் பறந்து பாதையோரப் புல் பற்றிக்கொள்ளும். 2018 கோடையில் பல பயணங்களில் இதற்காகவே நீராவியை ஒதுக்கி டீசலை வைத்து ஓட்டினார்கள். கோடைப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஐந்தாவது திரும்புதல். எஞ்சினைத் திருப்பச் சுழல்மேடையோ முக்கோணப் பாதையோ இல்லாத ஊருக்குப் போனால், ஒரு பக்கம் நீராவி, மறுபக்கம் டீசல் என்று கட்டிவிட்டால் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.

படம் எடுப்பவர்கள் பயப்பட வேண்டியது வால் டீசலைப் பார்த்து அல்ல. நீராவி எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் டீசலைச் செருகினால்தான் சங்கடம். அந்த அமைப்பு வந்துவிட்டால் எந்தக் கோணமும் காப்பாற்றாது. நேர் முன்னாலிருந்து நீள லென்ஸ் ஒன்றுதான் வழி.

---

பிஸ்டன்_பாண்டி

கதிர் சொன்னதோட எடைக் கணக்கையும் சேத்துக்கங்க. கிளாஸ் 47 ஒண்ணு ஏறக்குறைய 115 டன். பழைய மார்க் 1 பெட்டி ஒண்ணு 35 டன் சுத்தி. அதாவது டீசல் சும்மா வந்தா மூணு பெட்டிக்கு மேல கூடுதல் சுமை. பிளாக் ஃபைவ் மாதிரி நடுத்தர எஞ்சினுக்கு அது பெரிய விஷயம். டீசல் சும்மா வர்ற நாள்லதான் முன்னாடி சத்தமும் புகையும் அள்ளும். டீசல் தள்ளுற நாள்ல வேகம் இருக்கும், உழைப்பு இருக்காது.

தள்ளுதா இல்லையான்னு காதாலயே கண்டுபிடிக்கலாம். ரெண்டு சிலிண்டர் எஞ்சின்ல சக்கரம் ஒரு சுத்துக்குப் புகைபோக்கி 4 தடவை "ஃபஃப்"னு அடிக்கும். மூணு சிலிண்டர்னா 6. பிளாக் ஃபைவுக்குச் சக்கரம் 6 அடி விட்டம். மணிக்கு 20 மைல் வேகத்துல வினாடிக்கு 6 தடவை சொச்சம் அடிக்கும், எண்ணலாம். 30 மைல்ல 9-க்கு மேல, ஒண்ணோட ஒண்ணு கலந்து உறுமலாயிடும். ஜூபிலி, ராயல் ஸ்காட் ரெண்டு எஞ்சின் வகையும் மூணு சிலிண்டர், 6 அடி 9 அங்குலச் சக்கரம். அதே 30 மைல்ல வினாடிக்கு 12-க்கு மேல. கேக்கப் பட்டு கிழியற மாதிரி இருக்கும்.

1-க்கு 100 ஏத்தத்துல 12 பெட்டியோட 45 மைல் வேகம், ஆனா புகைபோக்கியில மெதுவான "ஃபஃப்… ஃபஃப்" மட்டும்னா, பின்னாடி டீசலோட சல்சர் எஞ்சின் வேலை பாக்குதுன்னு அர்த்தம். டீசல் மேல சாம்பல் நிறப் புகைத்திரை தெரியும், பாத்துக்கங்க.

---

மிட்லண்ட்_மணி

அருமை. பாலத்துக்கு வருவோம். ரிப்பிள்ஹெட்டில் மொத்த ரயிலும் பாலத்தின் மேல் தெரிகிற மாதிரிதான் எல்லாப் படமும் இருக்கிறது. அப்படி எடுத்தால் டீசலும் விழுமே?

---

லீட்ஸ்_கதிர்

விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினும் டெண்டரும் (கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டி) சேர்ந்து 20 மீட்டர். 12 பெட்டி, ஒன்றுக்கு 20 மீட்டர் என்றால் 240. டீசல் 20. மொத்தம் 280 மீட்டர். பாலம் 24 வளைவு, நீளம் 400 மீட்டர். ரயில் முழுசாகப் பாலத்துக்குள் அடங்கிவிடும். டீசலும் உள்ளேதான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. வடக்கே போகும் ரயில் தெற்கு முனையில் ஏறுகிறது. டீசலின் மூக்கு பாலத்தைத் தொடும்போது எஞ்சின் 260 மீட்டர் உள்ளே வந்திருக்கும். அதுவரை பாலத்தின் மேல் இருப்பது எஞ்சினும் பெட்டிகளும் மட்டுமே. 25 மைல் வேகத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 23 வினாடி.

அடையாளம் வேண்டுமா? அந்தப் பாலத்தில் ஆறு வளைவுக்கு ஒரு தூண் மற்றதைவிடத் தடிமன். ஒரு வளைவு இடிந்தால் வரிசையாக எல்லாம் சாயாமல் தடுப்பதற்கு அப்படிக் கட்டினார்கள். தெற்கிலிருந்து இரண்டாவது தடித்தூணை எஞ்சின் தாண்டியதும் படங்களைத் தொடங்குங்கள், இன்னும் மூன்று வளைவு போவதற்குள் முடியுங்கள். ஃபிரேமின் இடது ஓரத்தைப் பாலத்தின் தெற்கு முனையோடு வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கரைமேல் வரும் டீசல் எட்டிப் பார்க்கும். (கிழக்குப் பக்கம் நின்றால் தெற்கு இடது கையில்.) இதற்கு 24–105 போதும்.

இன்னொரு சௌகரியம்: பாலத்தின் மேல் ஒற்றைப் பாதைதான். சரியான நொடியில் எதிர் ரயில் வந்து நடுவே மறைக்கிற கொடுமை அங்கே நடக்காது. மற்ற இடமெல்லாம் இரட்டைப் பாதை, அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

டீசலே வேண்டாம் என்றால் அதே பாதையில் இருக்கும் ஆர்டன் கில் பாலம் இன்னும் சுலபம். 11 வளைவு, 200 மீட்டர்தான். எஞ்சின் வடக்கு முனைக்கு வரும்போது டீசல் பாலத்துக்கு 60 மீட்டர் வெளியே. பாலம் நிறைய ரயில், டீசல் இல்லை. ஸ்டோன் ஹவுஸ் என்ற சிற்றூரிலிருந்து பாலத்துக்கு அடியில் போகும் பொதுப் பாதை உண்டு, வேலி தாண்ட வேண்டியதே இல்லை.

---

வடலி

அண்ணை, கணக்கு வடிவாச் சரி. ஆனா காத்தை மறந்துபோனியள்.

அந்தப் பக்கம் காத்து பெரும்பாலும் மேற்கில இருந்துதான் அடிக்கும். காலமை வெளிச்சம் கிழக்குப் பக்கத்தில விழும், பின்னுக்கு வெர்ன்சைட் மலை. அதாலதான் எல்லாரும் கிழக்கில போய் நிக்கினம். ஆனா மேற்குக் காத்து எண்டால் புகை முழுக்க உங்கட பக்கம் சரிஞ்சு, எஞ்சினையும் முதல் மூண்டு பெட்டியையும் மூடிப்போடும். மேற்குப் பக்கம் போனால் புகை அங்காலை போகும், வடிவா எஞ்சின் தெரியும், ஆனா வெளிச்சம் எதிருக்கு. எதை விட்டுக்குடுக்கிறது எண்டு முதல் நாள் ராவே முடிவு எடுங்கோ. காத்து வேகம் மணிக்கு 10 மைலுக்குக் கீழ எண்டால் வெளிச்சப் பக்கம். 15-க்கு மேல எண்டால் காத்து வாற பக்கம் நிக்கிறதுதான் புத்தி, வெளிச்சம் பிழைச்சாலும் பரவாயில்லை.

பிப்ரவரி நடுப்பகுதியில மத்தியானச் சூரியன் 23 பாகைக்கு மேல எழும்பாது. பாலத்தின்ர நிழல் வடக்குப் பக்கம் நீளமா விழும். ரயில் வடக்க போகேக்க அதின்ர முகம் சூரியனுக்கு முதுகு காட்டும். முகத்தில வெளிச்சம் விழாது, பக்கவாட்டில மட்டும்தான். அதால வடக்க போற ரயிலுக்கு அகலப் படம், தெற்க வாற ரயிலுக்கு முகப் படம். இது ரெண்டையும் மாத்திப் போட்டால் நாள் வீண்.

திரும்பி வரேக்க, பாதையின்ர உச்சியான ஐஸ் கில்லில நில்லுங்கோ. ஓர்ம்சைட்டில இருந்து உச்சிவரைக்கும் ஏத்தம், உச்சி கடல் மட்டத்தில இருந்து 1,169 அடி. பின்னுக்கு வைல்ட் போர் ஃபெல் மலை. மத்தியானத்துக்குப் பிறகு தெற்கு, தென்மேற்குச் சூரியன் நேர முகத்தில விழும். பொழுது சரியச் சரிய உங்கட பக்கம் இருட்டும், அதோட பிப்ரவரியில நேரத்தோட இருட்டிப்போடும். 3 மணிக்கு முந்தி அந்த இடத்தைத் தாண்டுற ரயில் எண்டால்தான் மினக்கெடுங்கோ.

---

சட்டகம்

மணி, கேமரா செட்டிங் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள்.

கறுப்பு எஞ்சினும் வெள்ளை ஆவியும் ஒரே படத்தில் இருக்கும்போது கேமராவின் தானியங்கி அளவீடு தடுமாறும். பெரும்பரப்பு கறுப்பு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும், ஆவி வெளுத்துக் காகிதமாகிவிடும். கைமுறைக்கு மாறுங்கள். ரயில் வருமுன் மேகத்தின் வெளிச்சமான பகுதியை அளந்து, அது வெளுக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) அவசியம். கறுப்பின் நிழலைப் பின்னால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தூக்கலாம். வெளுத்த ஆவியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஷட்டர்: எதிரே வரும் ரயில், 40 மைல் வரை 1/800. 60 மைலுக்கு 1/1000-க்குக் குறையாமல். நேர் பக்கவாட்டு என்றால் 1/1600. துளை எஃப்/5.6 முதல் எஃப்/8. ஐஎஸ்ஓ 800 வரை போனாலும் கவலை வேண்டாம், குளிர்கால மேகத்தில் வேறு வழியில்லை.

கேமராவை ரயிலோடு கூடவே நகர்த்தி எடுப்பதானால் 1/50. பிளாக் ஃபைவ் 30 மைல் வேகத்தில் வினாடிக்கு 2.3 சுற்று. 1/50 வினாடியில் சக்கரம் 17 பாகை திரும்பும், ஆரங்கள் கரைந்து இணைப்புத்தண்டு மட்டும் வில் போலத் தெரியும். 1/1000-இல் ஒரு பாகை கூடத் திரும்பாது, எஞ்சின் நிறுத்தி வைத்த பொம்மை மாதிரி இருக்கும். 10 படம் எடுத்தால் ஒன்று தேறும். அதுவே நல்ல விகிதம்.

இணைப்புத்தண்டு எங்கே நிற்கும்போது படம் என்பதில் தனிச் சண்டையே உண்டு. தண்டு கீழே இருந்தால் சக்கரம் தெளிவாகத் தெரியும் என்பது பழைய கட்சி. தொடர்படத்தில் 8 எடுத்துப் பிறகு பொறுக்கிக்கொள்ளுங்கள்.

---

மிட்லண்ட்_மணி

நன்றி, சட்டகம் சார். இப்படி எல்லாக் கணக்கும் போடுவதை விட, டீசலோடு எடுத்துவிட்டு வீட்டில் மென்பொருளில் அழித்துவிட்டால் என்ன? இப்போது ஒரு சொடுக்கில் போய்விடுகிறதே.

---

சட்டகம்

அழித்தால் படத்தின் அடியில் "டீசல் நீக்கப்பட்டது" என்று போடுங்கள், என் வாயை மூடிக்கொள்கிறேன்.

அழிக்காதே என்பதற்கு என் காரணம் வேறு. வாலில் டீசல் இல்லாத 12 பெட்டி ரயில் இந்தப் பாதையில் எந்தத் தேதியில் ஓடியது, எது உதவியது என்பதெல்லாம் பிறகு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். தேதியும் ரயில் எண்ணும் போட்டுப் பொய்யான அமைப்பைக் காட்டினால் அது ஆவணம் இல்லை. தொழில்நுட்பமாகவும் ஓட்டை விழும். டீசலை அழித்தால் கடைசிப் பெட்டியின் முனையை மென்பொருள் தானாகக் கற்பனை செய்யும். பாலத்தின் கல் வரிசை, தண்டவாள வளைவு, புல் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கும். 100 சதவீதப் பெரிதாக்கிப் பார்த்தால் கைப்பிடிச் சுவர் ரெண்டு இடத்தில் ஒடிந்திருக்கும்.

---

பிஸ்டன்_பாண்டி

சட்டகம் அண்ணே, சுவத்துல மாட்டுற படத்துக்கு இவ்வளவு தேவையா? புகைக்கு நடுவுல வர்ற எஞ்சினைப் பாத்துப் பரவசப்படுற மனுசனுக்கு கடைசிப் பெட்டியில என்ன இருந்தா என்ன?

---

சட்டகம்

சுவரில் மாட்டுவது உங்கள் வீடு, உங்கள் சுவர். பொதுவில் போடும்போது குறிப்பு போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதைவிட, அழிக்கத் தேவையே இல்லாத இடத்தில் நில்லுங்கள். வளைவின் வெளிப்பக்கம் நின்று எடுத்தால் எஞ்சினும் முன் பெட்டிகளும் வாலை மறைத்துவிடும். உள்பக்கம் நின்றால் கடைசிப் பெட்டிவரை விரிந்து தெரியும், டீசலும் தெரியும். 70–200-ஐ 200-இல் வைத்துத் தாழ்வாக, முன்னாலிருந்து எடுத்தால் ரயில் சுருங்கி எஞ்சினின் முகத்துக்குப் பின்னால் அடங்கிவிடும். குளிரில் ஆவி அதன் மேலேயே படுத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம், டீசலை எஞ்சினே மறைத்துத் தருகிறது.

---

குன்னூர்_கேஜ்

குறுக்க பேசறேன்னு தப்பா நினைக்காதீங்க. நம்ம நீலகிரி மலை ரயிலைச் சொல்லாம இந்த இழை முடியாதுங்க.

உங்க ரயில்ல நீராவி முன்னாடி, டீசல் வால்ல. நம்ம மேட்டுப்பாளையம்–குன்னூர்ல எஞ்சின் எப்பவும் இறக்கத்துப் பக்கம், அதாவது மேல ஏறும்போது பின்னாடி நின்னு தள்ளும். கல்லாறுக்கு மேல பல்சக்கரத் தண்டவாளம், ஏத்தம் 1-க்கு 12. பெட்டி கழன்டா ஓடிப் போகாம எஞ்சின் தாங்கிப் பிடிக்கணும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்துல கிளம்பற வண்டிக்கு முன்னாடி நின்னா பெட்டிதான் வரும், புகை பின்னாடி. எஞ்சின் முகம் வேணும்னா வண்டி தாண்டினப்புறம் திரும்பி எடுக்கோணும்.

குன்னூர்ல நீராவி கழன்டு ஒய்டிஎம்-4 டீசல் மாட்டும், அங்கிருந்து உதகைக்கு டீசல். ஒரே யார்டுல ரெண்டையும் பக்கம் பக்கமா எடுக்கலாம், ஒண்ணை ஒண்ணு மறைக்காது. டீசலைத் தப்பிக்கறதுக்கு 23 வினாடி எண்ண வேண்டியதில்லீங்க. இங்க டீசல் முறை மாத்தி வருது, அங்க கூடவே வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

வடலி

குன்னூர் அண்ணை, உங்கட எஞ்சின் எண்ணெய் எரிக்கிறதெண்டு கேள்விப்பட்டனான், சரியோ?

---

குன்னூர்_கேஜ்

ஆமாங்க, எண்ணெய் எரியற எஞ்சின்கள் பொன்மலைப் பணிமனையில செஞ்சு வந்திருக்கு. நிலக்கரிப் புகையோட அடர்த்தி அதுல இருக்காது, ஆவி மட்டும் நல்லா வெள்ளையா வரும். கலர் படத்துக்கு அதுவும் அழகுதான். ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நிக்கும், அப்ப நிதானமா கொஞ்சம் கிட்டப் போய் எடுக்கலாம்.

---

மிட்லண்ட்_மணி

இழை தடம் மாறுவது நல்லதுதான். செட்டில் பாதையில் தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள்? நின்றிருக்கும்போது ரெண்டு படம் எடுத்துக்கொள்ளலாமே.

---

பிஸ்டன்_பாண்டி

ஆப்பிள்பி ஸ்டேஷன்ல தண்ணி பிடிக்கிற குழாய் இருக்கு, அங்க நிக்கிறது வழக்கம். ஹெலிஃபீல்டுலயும் நிப்பாட்டுவாங்க. கணக்கு: பிளாக் ஃபைவ் டெண்டர்ல 4,000 காலன், அதாவது 18,000 லிட்டர். ஏத்தத்துல மைலுக்கு 40 காலன் போகும். 100 மைல் வரும்னு சொல்லலாம், ஆனா தொட்டி தீர்ற வரை யாரும் ஓட்ட மாட்டாங்க. 70, 80 மைலுக்குள்ள தண்ணி பிடிச்சுடுவாங்க.

தண்ணி பிடிக்கற நிறுத்தத்துல ஒரு வசதி இருக்கு. ரயில் தாமதமா வந்தாலும் நின்ன நேரத்துல மீட்டெடுக்கலாம்னு அட்டவணையில கூடுதல் நிமிஷம் வச்சிருப்பாங்க. அதனால ஆப்பிள்பிக்கு முன்னாடி 25 நிமிஷம் தாமதம்னு காட்டினா, ஆப்பிள்பிக்கு அப்புறமும் அதே 25-ன்னு நம்பிக் காரை எடுக்காதீங்க. 10-ஆ குறைஞ்சிருக்கும், மேல போய்ச் சேர்றதுக்குள்ள ரயில் போயிடும்.

---

லீட்ஸ்_கதிர்

அதற்குத்தான் நேரலையைப் பார்ப்பது. ரியல்டைம் டிரெயின்ஸ் தளத்தில் விரிவான பார்வை ஒன்று உண்டு. சுற்றுலா ரயிலின் எண் 1-இசட் என்று தொடங்கும், காலிப் பெட்டிகள் 5-இசட், எஞ்சின் தனியாகப் போனால் 0-இசட். முதல் நாளே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெலிஃபீல்ட், செட்டில் ஜங்ஷன், பிளீ மூர், கார்ஸ்டேல், கிர்க்பி ஸ்டீபன், ஆப்பிள்பி – இந்த வரிசையில் நேரம் ஏறிக்கொண்டே வரும். செட்டில் ஜங்ஷனைத் தாண்டியது என்று காட்டியதும் ரிப்பிள்ஹெட் பாலத்தை அடுத்த பிளீ மூர் வரை 14 மைல் ஏற்றம். சராசரி 35 மைல் என்றால் 24 நிமிடம். அதுதான் கடைசி எச்சரிக்கை.

இரண்டு கோளாறு வரும். ஒன்று, டேல்ஸ் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் கிடையாது. ஸ்டேஷனிலோ சாலையிலோ நின்று நேரத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் நடக்க ஆரம்பியுங்கள். இரண்டு, தேவைப்பட்டால் மட்டும் ஓடும் ரயில்களையும் பட்டியலில் காட்டும். அந்த ரயில் கிளம்பியதா என்று முதல் ஸ்டேஷனில் நேரம் பதிவானதைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

டீசல் எங்கே கட்டியிருக்கிறது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம். காலிப் பெட்டிகள் யார்டிலிருந்து வரும்போதே அமைப்பு தெரிந்துவிடும். ரயில் கிளம்பும் ஊரில் எடுத்த முதல் படம் ரயில் ரசிகர் குழுவில் வந்ததும் பார்த்து, டீசல் நடுவிலா வாலிலா என்று தெரிந்துகொண்டு இடத்தை மாற்றுங்கள்.

---

மிட்லண்ட்_மணி

பாலத்துக்குக் கீழே ஸ்டேஷனிலிருந்து நடந்து போவதானால் எவ்வளவு முன்னால் போக வேண்டும்? ட்ரோன் உண்டா?

---

வடலி

ரயிலுக்கு 90 நிமிசம் முந்தி. பெயர்பெற்ற எஞ்சின் எண்டால் ரெண்டு மணித்தியாலம். தடித்தூண் தெரியிற இடத்தை முந்தி வந்தவை பிடிச்சிடுவினம், பிறகு அவைக்கு முன்னால போய் நிக்கிறது மரியாதை இல்லை. புல்லு மாதிரித் தெரியிற இடமெல்லாம் சதுப்பு, முழங்கால் வரைக்கும் போடுற ரப்பர் சப்பாத்து வேணும். முக்காலியின்ர காலை மண்ணுக்குள்ள அமத்துங்கோ, காத்து அடிச்சா சாயும். கமராவில தொங்கிற பட்டியையும் சுருட்டிக் கட்டுங்கோ, காத்தில ஆடினா படம் ஆடும்.

ட்ரோன் விசயத்தில கவனம். 120 மீட்டருக்கு மேல பறக்கேலாது. தண்டவாளத்துக்கு 50 மீட்டருக்குள்ள கொண்டுபோகாதீங்கோ. நீராவி ரயிலில யன்னல் திறந்து தலை நீட்டிக்கொண்டு ஆக்கள் நிப்பினம், அதுக்கு மேல ட்ரோன் விழுந்தால் கதை முடிஞ்சுது.

வேலியைத் தாண்டாதீங்கோ. 2016-இல, பேர்பெற்ற நீராவி எஞ்சின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் புதுப்பிச்ச பிறகு முதன்முதலா லண்டனில இருந்து ஓடின நாள், சென்ட் நியோட்ஸ் பக்கம் தண்டவாளத்தில ஆக்கள் ஏறினபடியால ரயிலை நிப்பாட்டினவை. உங்களால ஒரு ரயில் நிண்டால் பின்னுக்கு வாற எல்லா ரயிலும் நிக்கும். கூட்டத்தில ஒருத்தர் தாண்டினால் மற்றவைக்கும் அந்த இடம் மூடப்படும்.

---

சட்டகம்

ஒலி பற்றிப் பாண்டி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. வீடியோ எடுப்பவர்கள் கேமராவின் ஒலித் தானியங்கியை அணைத்துவிடுங்கள். அமைதியான பள்ளத்தாக்கில் அது அளவை ஏற்றி வைத்திருக்கும், விசில் அடித்ததும் ஒலி உடைந்துவிடும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல் என்று கைமுறையில் வையுங்கள். மைக்கின் மேல் முடி வைத்த காற்றுறை கட்டாயம். தாழ்சுரத்தை வெட்டும் சுவிட்சை எல்லோரும் காற்றுக்காகப் போடுவார்கள், ஆனால் தள்ளும் டீசலின் உறுமல் அந்தத் தாழ்சுரத்தில்தான் இருக்கிறது. டீசல் வேலை செய்ததா என்று பதிவாக வேண்டுமானால் அதைப் போடாதீர்கள். டீசல் கேட்கவே வேண்டாம் என்கிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும், அதை அழிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

---

பிஸ்டன்_பாண்டி

அண்ணே, காதுக்கு மட்டும் விட்டுக்குடுக்கறீங்க!

---

மிட்லண்ட்_மணி

திட்டம் இப்படி: காலை, காற்று 10 மைலுக்குக் கீழே என்றால் ரிப்பிள்ஹெட் கிழக்குப் பக்கம், 24–105, தெற்கிலிருந்து இரண்டாவது தடித்தூணை எஞ்சின் தாண்டியதும் தொடர்படம். காற்று பலமென்றால் ஆர்டன் கில். பிற்பகல் ஐஸ் கில், 70–200, 3 மணிக்குள் தாண்டும் என்று நேரலையில் உறுதியானால் மட்டும். விடுபட்டது ஏதாவது உண்டா?

---

லீட்ஸ்_கதிர்

காற்று பலமென்றால் ஆர்டன் கில்லிலும் காற்று வருகிற பக்கம்தான் நில்லுங்கள், அங்கேயும் அதே புகைதான். உதிரி பேட்டரி ரெண்டு, உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு. பிப்ரவரியில் முழு சார்ஜ் போட்ட பேட்டரியும் ரெண்டு மணி நேரம் குளிரில் கிடந்தால் பாதி காட்டும். கண்ணாடி துடைக்கும் துணி ரெண்டு, ஒன்று நனையும். ஐஸ் கில்லில் கார் நிறுத்த இடம் குறைவு, சாலையில் விடாதீர்கள், விவசாயியின் டிராக்டர் அந்த வழியாகத்தான் போகும்.

---

குன்னூர்_கேஜ்

படத்தைப் போட மறந்துடாதீங்க, வால்ல டீசலோடதும் ஒண்ணு.